இருவர் தூங்கலாம், ஒத்துப்போனால்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கேலி செய்ய வேண்டாம். எங்கள் ஊர் லூயிஸ்டனில் நான் துணி துவைக்கப் போகும் கடையில், உலர்த்தும் இயந்திரங்களுக்கு மேலே ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. காணாமல் போன பூனை, விற்பனைக்கு விறகு, பியானோ வகுப்பு எல்லாம் அதில்தான் தொங்கும். போன கோடையில் அதில் ஒரு சீட்டு பார்த்தேன்.

‘கேம்பர் விற்பனைக்கு. பழசு. ஒழுகாது. இருவர் தூங்கலாம், ஒத்துப்போனால்.’

எனக்குக் கேம்பர் வேண்டாம். அதைச் சுமக்க என்னிடம் பிக்கப் வண்டியும் கிடையாது. ஆனால் ‘ஒத்துப்போனால்’ என்று எழுதிய ஆள் யார், எந்தப் பயணத்திலிருந்து திரும்பி வந்து அதை எழுதினார் என்று யோசித்தபடியே ஈரத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். கதை எழுதுகிறவர்களுக்கு இந்த வியாதி உண்டு. பொருளை விட்டுவிட்டு விளம்பரத்தை வாங்கிக்கொண்டு வருவோம்.

(அடிக்குறிப்பில் போட வேண்டியது, ஆனால் அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பதால் இங்கேயே: கேம்பர் என்று இங்கே நாங்கள் சொல்வது, பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் தூக்கி உட்காரவைக்கும் சின்ன வீடு. அடுப்பு, மேசை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். படுக்கை மட்டும் ஓட்டுநர் தலைக்கு மேலே மூக்குபோல முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். வேண்டாதபோது நான்கு மூலையிலும் ஜாக்கி கொடுத்து நிறுத்திவிட்டு, வண்டியை அடியிலிருந்து உருவிக்கொண்டு போய்விடலாம். சில திருமணங்களுக்கும் இப்படி ஒரு வசதி இருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரி, கதைக்கு வருகிறேன்.)

2

முதல் வரி:

‘மார்லா ஹஸ்கெட் ஒரு காலையில் கண் விழித்தபோது, விடுதலையின் நறுமணம்

வேண்டாம். லூயிஸ்டனில் காலையில் கண் விழித்தால் காகித ஆலையின் வாசனைதான் வரும். அதை நறுமணம் என்று ஊரில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

‘தெற்கே, மலைகளுக்கு அப்பால், காலம் மறந்துவிட்ட ஒரு பாலைவெளி

இதுவும் வேண்டாம். சுற்றுலாத் துறை எழுதியது மாதிரி இருக்கிறது.

‘மார்லாவுக்கு ஒருவரும் பேசாத இடம் ஒன்று தேவைப்பட்டது.’

இது இருக்கட்டும்.

மார்லா நீதிமன்றச் சுருக்கெழுத்தர். முப்பது வருஷமாக நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து, யார் என்ன பேசினாலும் ஒரு சொல் விடாமல் சின்ன இயந்திரத்தில் தட்டிக்கொண்டிருந்தவள். சாட்சி அழுதால் அவள் அழக் கூடாது. வக்கீல் உளறினால் சிரிக்கக் கூடாது. கணவன், மனைவி, திருடன், அண்டை வீட்டுக்காரன், நாய் கடித்தவன், நாய் வைத்திருந்தவன் என்று எல்லாருடைய பேச்சும் அவள் விரல் வழியாகப் போயிருக்கிறது. அவள் பேச்சு மட்டும் எந்தக் கோப்பிலும் இல்லை. ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டி, ஆளுக்கு ஆள் எழுந்து அவளைப் புகழ்ந்தார்கள். மேசைக்கு அடியில் அவள் விரல்கள் அந்தப் புகழுரையையும் தட்டிக்கொண்டே இருந்தன. அதைக் குனிந்து பார்த்தபோதுதான் அவளுக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

ஆரிகன் மாநிலத்தின் தெற்கில் ஆல்வர்ட் என்று ஒரு காய்ந்த ஏரி இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளைத் தரை. இலையுதிர் காலம் முழுக்க அங்கே போய்க் கிடப்பது என்று முடிவு செய்தாள். கூடாரம் போட்டுத் தரையில் படுக்க முழங்கால் இடம் கொடுக்காது. விடுதியில் தங்கினால் பக்கத்து அறைத் தொலைக்காட்சி கேட்கும். பிக்கப் அவளிடம் இருந்தது. அதன் முதுகில் ஏற்ற ஒரு கேம்பர் வேண்டும். பழசாக இருந்தாலும் போதும்.

பழைய கேம்பர் வாங்குவதில் ஒரு சிக்கல். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே மரச்சட்டம் தண்ணீர் குடித்து ஊறிப்போயிருக்கும். விற்கிறவர் சத்தியம் செய்வார். மார்லாவுக்குப் பொய்யை எழுதத்தான் தெரியும். குறுக்குக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. ஆகவே டெல்மரைக் கூப்பிட்டாள்.

டெல்மர் ப்ரூயட் அவளுடைய முன்னாள் கணவன். ஒரு காலத்தில் பழைய கார் விற்றவன். விவாகரத்து ஆன பிறகுதான் இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்க ஆரம்பித்தது. ஊரில் பலருக்கு இது புரியவில்லை, எனக்கும் முதலில் புரியவில்லை.

“கேம்பர் பாக்கப் போகணும். கூட வர்றியா?” என்று தொலைபேசியில் கேட்டாள்.

“எப்போ?”

“சனிக்கிழமை.”

“சனிக்கிழமை என்ன, இன்னைக்கே வேணும்னாலும் வர்றேன். என்ன மாதிரி பாக்குற? கூரை தூக்கற வகையா, கெட்டிக் கூரையா? கெட்டிக் கூரைன்னா குளிருக்கு நல்லது, ஆனா காத்துல ஆட்டம் போடும். எங்க மாமா ஒருத்தர் வயோமிங்ல அப்படித்தான்...”

மார்லா தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு, காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்தாள். மாமா இன்னும் வயோமிங்கில்தான் இருந்தார்.

3

முதல் கேம்பர் ஒரோஃபினோ ஊரில். கிப் என்ற இளைஞன், ஆற்றோரம் நிறுத்தி வைத்திருந்தான். கழிப்பறை, குளியல், தொலைக்காட்சி, பக்கவாட்டில் நீளும் சாப்பாட்டு அறை எல்லாம் இருந்தன. உள்ளே நுழைந்த டெல்மர் செய்த முதல் வேலை, ஏணியில் ஏறி மேல் படுக்கையில் நீட்டிப் படுத்தது.

“படுக்கைக்கு என்ன சோதனை?” என்றாள் மார்லா.

“முன் மூலையிலதான் தண்ணி இறங்கும். படுத்தாத்தான் தெரியும்,” என்று மேலேயிருந்து சொன்னான். டெல்மர் ஆறடிக்கும் மேலே நாலு விரற்கடை உயரம். கால் எங்கும் இடிக்கவில்லை. இறங்கி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

“அருமையான கேம்பர்,” என்றான்.

மார்லா வெளியே போய்த் தன் பிக்கப்பின் கதவைத் திறந்து, விளிம்பில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். இந்த வண்டி எவ்வளவு எடை சுமக்கும் என்று அதில் போட்டிருக்கும். பிறகு கிப்பிடம் கேட்டாள்.

“இதோட எடை என்ன தம்பி?”

“அதிகமில்லீங்க. வண்டி தாங்கும்.”

“தண்ணி ரொப்பினா?”

“தண்ணி ரொப்பாம போங்களேன்.”

டெல்மருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கார் விற்ற காலத்தில் அவனே இதைவிட மோசமான பதில்கள் சொல்லியிருக்கிறான். கேம்பரின் கதவிலும் ஒரு சீட்டு இருந்தது; அதில் போட்டிருந்த எடை, அவள் வண்டி தாங்கக்கூடியதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏற்றிக்கொண்டு போனால் முதல் இறக்கத்திலேயே கேம்பர்தான் வண்டியை ஓட்டும்.

“வண்டியை மாத்திடலாம் மார்லா. பெரிய பிக்கப்பா வாங்கிட்டா...” என்றான் திரும்பும் வழியில்.

“உனக்கு எதுக்கு இவ்வளவு பெரிசு?”

“எனக்கா? எனக்கு எதுக்கு? உனக்காகச் சொன்னேன்.”

4

(இந்த இடத்தில் எனக்கு டெல்மர் மேல் சந்தேகம் வந்தது. பொய்யைப் பிடிக்கத்தான் இவனைக் கதைக்குள் கொண்டுவந்தேன். இவன் என்னடா என்றால் மெத்தையில் ஏறிப் படுத்துப் பார்க்கிறான். கதாபாத்திரங்களிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அதை மட்டும் செய்ய வேண்டும். அவனை எடுத்துவிட்டு மார்லாவுக்கு ஒரு தங்கையைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். தங்கைக்குப் பெயர்கூட வைத்துவிட்டேன். அவள் கேம்பர் பார்க்க வந்தாள், நல்லதைத் தேர்ந்தாள், வாங்கினார்கள், கதை அரைப் பக்கத்தில் முடிந்துபோனது. டெல்மரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன்.)

5

இரண்டாவது கேம்பர் மாஸ்கோ ஊரில் (நீங்கள் நினைக்கும் மாஸ்கோ இல்லை, எங்கள் பக்கத்து ஊர்), பல்கலைக்கழகத்துக்குப் பின்பக்கத் தெருவில். புதிதாக வெள்ளையடித்து, உள்ளே எலுமிச்சை வாசனை தெளித்து வைத்திருந்தார்கள். இந்தத் தடவையும் டெல்மர் நேராக மேலே ஏறிப் படுத்தான். கால் இடிக்கவில்லை. பிறகுதான் வேலையை ஆரம்பித்தான்.

“இவ்வளவு எலுமிச்சை எதுக்கு? மீன் பொரிச்சீங்களா?” என்று விற்கிறவரைக் கேட்டான். அந்த மனிதர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். டெல்மர் படுக்கையின் மூலையில் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினான். விரல் உள்ளே போய்விட்டது. ஊறின ரொட்டியில் போவது மாதிரி, சத்தமே இல்லாமல்.

விரலை வெளியே எடுத்தால் ஓட்டை தெரியும், எடுக்காவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள்.

“போன வாரம்கூட ஒழுகலையே,” என்றார் விற்கிறவர்.

“போன வாரம் மழையே இல்லையேங்க,” என்றான் டெல்மர், விரலைத் துடைத்துக்கொண்டே.

வண்டியில் ஏறியதும் மார்லா மனம்விட்டுச் சிரித்தாள். இந்த மாதிரிச் சமயங்களில்தான் இவனை ஏன் கல்யாணம் செய்துகொண்டோம் என்பது அவளுக்கு நினைவு வரும். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து டெல்மர் சொன்னான்.

“என் கோழிங்களுக்குத் தீனி போட பக்கத்து வீட்டுல சொல்லி வச்சிட்டேன். அக்டோபர் முடிய.”

மார்லாவின் சிரிப்பு நின்றது. “எதுக்கு?”

“எதுக்கா? சும்மாதான். அப்படியே, எங்கயாவது போக வர...” சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “அப்புறம் ஒரு காபிப் பானை வாங்கினேன். ரெண்டு பேருக்கு அளவா இருக்கு.”

சொல்லிவிடு மார்லா, என்று நான் எழுதும் மேசையிலிருந்து அவளைத் தூண்டினேன். இப்போது சொன்னால் வலிக்காது. இரண்டு வரி போதும். நானே அதை அவளுக்காக எழுதியும் பார்த்தேன்: ‘டெல்மர், நான் தனியாகத்தான்

அவள் வாயைத் திறக்கவில்லை. அடுத்தவர் பேசும்போது குறுக்கே பேசாமல் இருப்பது அவளுக்குத் தொழிலாகவே ஆகிவிட்ட பழக்கம். வண்டி கோதுமைக் காட்டு மேடுகளில் ஏறி இறங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் விரல்கள் மட்டும், ‘ரெண்டு பேருக்கு அளவா இருக்கு’ என்பதை மெல்லத் தட்டின.

6

மூன்றாவதுதான் அந்தச் சீட்டு. துவைக்கும் கடைப் பலகையிலிருந்து நான் அதை எடுத்து மார்லா கண்ணில் படும்படி வைத்தேன். அவ்வளவுதான் என் பங்கு.

கிரேஞ்ச்வில் தாண்டி, கமாஸ் சமவெளியில் ஒரு கோதுமைப் பண்ணை. விற்கிறவள் ஐவா லிண்ட். கை நிறைய மாவோடு வெளியே வந்தாள். கொட்டகை வாசலில் அவள் கணவன் ஓரின் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான்.

“ஒரே ஒரு தடவைதாம்மா போனோம். யெல்லோஸ்டோன் பூங்கா வரைக்கும்,” என்றாள் ஐவா. “திரும்பி வர்ற வழி முழுக்க இந்த மனுஷன் எங்கூடப் பேசல.”

“பேசறதுக்கு நீ எங்க இடம் விட்டே?” என்றான் ஓரின், வாளியிலிருந்து எழாமல்.

“பாத்தியா? இப்பத்தான் வாய் வருது.”

கேம்பர் சின்னது. கூரையை மடக்கி வைக்கும் வகை. உள்ளே குனிந்து போய், முதுகால் கூரையை முட்டித் தள்ளினால் அது எழும்பி நிற்கும். சுற்றிலும் கித்தான் சுவர் விரியும். மார்லா ஒரே முட்டில் தள்ளிவிட்டாள். பச்சைக் கித்தான் வழியாக வெளிச்சம் உள்ளே விழுந்தது. ஓர் அடுப்பு, ஒரு சின்ன மேசை, எதிரெதிராக இரண்டு பலகை இருக்கைகள். ஒட்டுப் போட்ட இடமெல்லாம் ஒழுங்காகப் பூசியிருந்தது. பழைய மரமும் பழைய துணியும் மணத்தன; ஈர வாடை இல்லை. நெஞ்சில் எதுவோ வந்து சரியாக உட்கார்ந்தது அவளுக்கு.

டெல்மர் மேலே ஏறினான். இதில் படுக்கை குறுக்கு வாட்டில் இருந்தது. தலையை ஒரு பக்கம் வைத்தால் முழங்காலை மடக்க வேண்டியிருந்தது. மடக்கிப் பார்த்தான். புரண்டு பார்த்தான். குறுக்கே மூலைக்கு மூலை படுத்துப் பார்த்தான்; அப்போது இன்னொருவர் படுக்க இடமில்லை. பிறகு இறங்கி வந்து, தரையைக் காலால் ஒரு முறை மிதித்தான்.

“தரை ஊறிப்போச்சு,” என்றான். “வேண்டாம்.”

ஐவாவின் முகம் சிவந்தது. அவள் ஏதோ சொல்ல வருவதற்குள், “ரெண்டு நிமிஷம் கொடுங்க,” என்றாள் மார்லா. ஐவா மாவுக் கையோடு வெளியே போனாள்.

மார்லாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. முப்பது வருஷத்தில் எத்தனையோ சாட்சிகளைப் பார்த்தவள். ஒருவன் பொய் சொல்கிறானா என்று பார்க்க அவன் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. வழக்கமாக அவன் எவ்வளவு பேசுவான் என்று தெரிந்தால் போதும். டெல்மர் ஒரு கட்டைவிரல் ஓட்டையைப் பற்றி மாஸ்கோவிலிருந்து லூயிஸ்டன் வரை பேசியவன். தரை முழுவதும் ஊறிப்போயிருந்தால் மூன்று சொல்லோடு நிறுத்துவானா?

அவள் தரையின் நடுவில் நின்று குதித்தாள். இரண்டாம் முறையும் குதித்தாள். தரை கல் மாதிரி இருந்தது. பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அவனும் முட்டி இடிக்க இந்தப் பக்கம் உட்கார்ந்தான்.

“தரை எப்படி இருக்கு, டெல்மர்?”

அவன் மேசையின் விளிம்பைத் தடவினான். “நல்லா இருக்கு. நான் மிதிச்சதுலயே இதுதான் உருப்படியான தரை.”

“அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?”

“இதுல நான் கொள்ள மாட்டேன் மார்லா.”

(இங்கே ஒரு மென்மையான பதில் வேண்டும் என்று மூன்று விதமாக எழுதினேன். மூன்றையும் அவள் சொல்ல மறுத்துவிட்டாள்.)

“நான் கேம்பர் பாக்கத்தான் கூப்பிட்டேன்,” என்றாள். “அங்க வரச் சொல்லிக் கூப்பிடல.”

டெல்மர் தலையாட்டினான். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

“ஒரோஃபினோவுல நீ ஏறிப் படுத்தப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல,” என்றாள் மார்லா.

“வேற யாராச்சும்...?”

“யாரும் இல்ல. யாருமே வேண்டாம்னுதான் போறேன். கண்ணை மூடினா வக்கீலுங்க பேசறாங்க. சாட்சிங்க பேசறாங்க. யாரோ ஒருத்தன் பெத்த தாயைப் பத்திச் சொன்னது, பல வருஷம் ஆச்சு, இன்னும் அப்படியே வரி வரியா ஓடுது. காதைக் கொஞ்ச நாள் காலியா போட்டு வைக்கணும் டெல்மர். உம்மேல கோவம் இல்ல.”

“நான் பேசாம வருவேன்.”

மார்லா அவனையே பார்த்தாள். முதலில் சிரித்தது அவன்தான்.

“எதுவரைக்கும்?” என்றாள்.

“ஒயிட் பேர்ட் இறக்கம் வரைக்கும் தாங்குவேன்.”

“அது இங்கேருந்து மலையைத் தாண்டினா வந்துடும்.”

“அதான் சொல்றேன். தாங்குவேன்.”

சிரிப்பு அடங்கியதும் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அது சிரிப்பால் வந்த நீர் என்றுதான் மார்லா எடுத்துக்கொண்டாள். எனக்கு வேறு தகவல் இல்லை. அவன் எழுந்து, கூரையில் தலை இடிக்காமல் வெளியே போய், ஐவா எதிரில் நின்றான்.

“தப்பாச் சொல்லிட்டேம்மா. தரையில ஒரு குறையும் இல்ல. இந்தப் பக்கத்துல இப்படிக் காய்ஞ்ச கேம்பர் கிடைக்காது. அதனால விலையைக் குறைங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல.”

“கார் வித்த ஆளுன்னு உங்க சம்சாரம் சொன்னாங்களே,” என்றாள் ஐவா.

“அதான் அந்தத் தொழில்ல நிலைக்கல.”

“நீங்களும் போறீங்களா?”

“இல்லம்மா. இவ மட்டுந்தான்.”

ஐவா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தானாகவே விலையில் கொஞ்சம் குறைத்தாள். தேநீர்க் கெட்டிலையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். “நல்லா தூங்குவே,” என்று மார்லாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

ஜாக்கிகளில் கேம்பர் உயர்ந்து நின்றது. மார்லா வண்டியைப் பின்னால் எடுத்து அதன் அடியில் நுழைத்தாள். டெல்மர் பின்னால் நின்று இரண்டு கையாலும் வழி காட்டினான்.

“இடது... இன்னும் இடது... உன் இடது இல்ல, என் இடது... இல்ல, உன் இடதுதான்... நில்லு நில்லு, மூச்சு விடாதே, அப்படியே வா...”

ஓரின் வாளியிலிருந்து எழுந்துவந்து அவன் பக்கத்தில் நின்றான். தன்னைவிட அதிகம் பேசும் ஓர் ஆண்பிள்ளையை அவன் வெகு மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

7

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

அ. டெல்மர் ஒரு மடக்குக் கட்டிலைக் காரில் போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஆல்வர்டுக்கு வந்து இறங்குகிறான். தூரத்தில் புழுதி தெரியும்போதே மார்லா ஓடி வருகிறாள். இதை ஆசையாக இரண்டு பக்கம் எழுதினேன். பிறகு படித்துப் பார்த்தால், ஓடி வருகிறவள் மார்லா இல்லை. யாரோ ஒருத்தி, மார்லாவின் சட்டையைப் போட்டிருக்கிறாள்.

ஆ. மௌனம் தாங்காமல் மார்லா அவனைத் தொலைபேசியில் கூப்பிடுகிறாள். என் மனைவிக்கு இதைச் சொன்னேன். “ஒரு பொம்பள நிம்மதியா ரெண்டு மாசம் இருந்தா உங்களுக்குப் பொறுக்காதே,” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதையும் அடித்துவிட்டேன்.

இ. இன்னும் எழுதவில்லை.

நடந்தது இதுதான். செப்டம்பரில் ஒரு காலை, அவள் கிளம்பும்முன் டெல்மர் வந்தான். கேம்பரை வண்டியோடு பிணைக்கும் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். டயரில் காற்று, அடுப்பு வாயு, மலை இறக்கத்தில் எந்தக் கியர், வயோமிங் மாமாவுக்கு என்ன ஆனது என்று எல்லாம் பேசினான். மார்லா முழுவதையும் கேட்டாள். மாமாவின் கதைக்கு ஒரு முடிவு இருந்தது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது, மாமா பிழைத்துக்கொண்டார். பேச்சு தீர்ந்தபோது டெல்மர் கேம்பரின் பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, தன் காருக்குப் போனான். அவள் கண்ணாடியில் பார்த்தாள். அவன் தெருமுனையில் சரியாகச் சைகை காட்டித் திரும்பினான். அவன் எப்போதும் மறக்கிற விஷயம் அது.

அவனுக்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். நன்றாக இருக்கிறான். ஒரு மாதம் கழித்து ஓரின் லிண்ட் அவனைக் கூப்பிட்டு, பழைய டிராக்டர் ஒன்று பார்க்கப் போகலாமா என்று கேட்டிருக்கிறான். இருவரும் அவ்வப்போது போகிறார்கள். இதுவரை எதையும் வாங்கவில்லை.

8

ஆல்வர்டில் முதல் சில நாள் மார்லாவின் விரல்கள் ஓயவில்லை. காற்று வீசினால் காற்றைத் தட்டின. கித்தான் படபடத்தால் அதைத் தட்டின. இரவில் தூரத்தில் ஓநாய்நரி ஊளையிட்டபோது, எப்படி எழுத்துக் கூட்டுவது என்று தெரியாமல் திணறின. அவள் எழுந்து தேநீர் போட்டுக் குடித்தாள். வெள்ளைத் தரையில் நடந்தாள். போன தடமும் வந்த தடமும் மட்டும் கிடந்தன. தலைக்குள் வக்கீல்கள் கொஞ்ச நாள் வாதாடினார்கள். பிறகு ஒருவர் ஒருவராகக் கோப்பை மூடிக்கொண்டு போனார்கள். அந்தத் தாயைப் பற்றிச் சொன்னவன்தான் கடைசி. ஒரு நாள் அவனும் இல்லை.

டெல்மர் நினைவு வந்ததா? வந்தது. அவன் இங்கே இருந்தால் இந்த மலை நிழலைப் பற்றி என்னவெல்லாம் சொல்லியிருப்பான் என்று அவளுக்குச் சொல்லுக்குச் சொல் தெரியும். அதனால் அவன் வந்து சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஒரு மாலை வெயில் சாய்ந்து, தரை முழுக்க இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. கேம்பரின் படியில் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் அசையாமல் கிடந்தன. எதிரே ஒருவரும் இல்லை. மார்லா வாயைத் திறந்து ஏதோ சொன்னாள். முணுமுணுப்பு இல்லை, நல்ல சத்தமாகவே, ஒரு முழு வாக்கியம். சொல்லிவிட்டு, அது எங்கே போய் விழுகிறது என்று பார்க்கிறவள் போல ஏரியைப் பார்த்தாள். அப்புறம் இன்னொன்றும் சொன்னாள்.

அவை என்ன என்று நான் எழுதப்போவதில்லை. காதில் விழாத தூரத்துக்கு என் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். உங்களில் யாருக்காவது கேட்டிருந்தால் சந்தோஷம். தயவுசெய்து குறித்து வைக்காதீர்கள்.